பழவேற்காட்டுக்கு அப்பால் தண்டவாளம் இல்லை

பாபு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூரியர் உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ பயந்திருப்பாய். உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் படி. நீ தங்கியிருக்கும் புனே விடுதிக்குப் போன் போட்டால் எவரோ எடுத்து எனக்குப் புரியாத பாஷையில் நாலு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறார். நீயாக பூத்திலிருந்து பேசினாலோ, 'சரிம்மா, சரிம்மா, மீட்டர் ஓடுது' என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எதையும் நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

ஞாயிற்றுக்கிழமை போனில், 'இந்த வேலை வேணாம்மா, வெள்ளிக்கிழமை வண்டி ஏறிடறேன். ட்ரெய்னிங் முடிஞ்சிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிக்கலாம்' என்றாய். 'அப்பாவோட லைன் பாதியில நிக்குதும்மா' என்றாய். நான் 'ம்' என்று மட்டும் சொன்னேன். அப்பா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு என்ன சொல்ல முடியும்? அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. போனை வைத்த பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு நீயே முடிவு பண்ணு என்றுகூடச் சொல்ல மாட்டேன். முடிவை நான் கடைசியில் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது ஒன்று, நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தது வேறு. உங்கப்பா கூட்ஸ் டிரைவர். தண்டையார்பேட்டை யார்டிலிருந்து எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் நிலக்கரி வண்டி ஓட்டியே தலை நரைத்தவர். கூட்ஸ் டிரைவர் பெண்டாட்டி முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தை 'லூப்'. மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் கூட்ஸைப் பக்கத்து லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள், அதுதான் லூப். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளை மீஞ்சூர் லூப்பில் நின்றுகொண்டிருந்தார். பஜ்ஜி ஆறிப்போய், என் அண்ணன் முகம் கடுகடுத்து, எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் டீசல் வாசனையோடு ஓடிவந்து, 'சிக்னல் குடுக்கல, நான் இன்னா பண்றது?' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனை வருஷமாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சர்க்கரை அவர் வலது கண்ணில் இறங்கியது. ரயில்வேயின் வழக்கமான மெடிக்கல் பரிசோதனையில், தூரத்துப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் மேல் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை. சிக்னல் தெரியாதவர் கையில் வண்டியைக் கொடுக்க முடியுமா? மேஜை வேலை தருகிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'எவன் எந்த வண்டிய எடுத்தான்னு குந்திகினு எழுதணுமாம். என் வண்டிய எவன் எடுத்துகினு போனான்னு நானே எழுதணுமாம்மே' என்றார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்தவர்தான்.

நம் சந்து உனக்குத் தெரியும். கடல் பக்கம் போனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் டிரெய்லர் லாரிகள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். ஆள் நுழைய இடம் இருக்காது. இந்தப் பக்கம் போனால் ரயில்வே கேட். சந்தை விட்டு வெளியே போக இந்த இரண்டு வழிதான். கேட்டில் போய் நின்றால் கூட்ஸ் வரும், அதில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். போதாதென்று தெரிந்தவன் எவனாவது, 'இன்னா டிரைவரே, லீவா?' என்று கேட்பான். உங்கப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார். நிலக்கரித் தூசிக்காகச் சாத்திய ஜன்னலையும் திறக்க விடமாட்டார். சுற்றும் விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் நீ ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கிவந்தாய். கூடத்தில் வேறு இடம் இல்லை, என் தையல் மிஷின் சமையல்கட்டு நடைக்குப் போனது. பர்மா பஜாரில் வாங்கிய ஏதோ சிடியைப் போட்டு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாய். நான்தான் உன்னிடம் வந்து, 'நைனா, அப்பாவ இதுல குந்த வையேன், பாவமா கீது' என்று சொன்னேன். உட்கார வைத்தாய். திரையில் ஒரே பனி, பைன் மரம், யார் ஊரோ. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். 'இந்த ரோடு எனக்குத் தெரியாது. தெரியாத ரோட்ல நான் வண்டி தொட மாட்டேன்' என்றார். 'அப்பா, இது சும்மா விளையாட்டுப்பா' என்றாய். 'வெளையாட்டுக்கு எதுக்குடா பிரேக்கு?' என்று கேட்டார். நீ தலையைச் சொறிந்தது இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது.

அப்புறம் நீ ஒரு காரியம் பண்ணினாய். அதே சிடியில் நாமே புது லைன் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது என்று கண்டுபிடித்து, இந்த உலகத்தில் இல்லாத ஒரு லைனைப் போட ஆரம்பித்தாய். நிஜ லைன் எண்ணூரைத் தாண்டியதும் உள்பக்கம் திரும்பி மீஞ்சூர் பக்கம் போய்விடும். உன் லைன் திரும்பவில்லை. ராயபுரத்தில் கிளம்பி, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை விடாமல் போய், நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்தின் மேல் நீளமாகப் பாலம் ஏறி, காட்டுப்பள்ளி மணலில் இறங்கி, பழவேற்காட்டில் போய் முடியும். அப்பா ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். முதலில் ஒரு வார்த்தை. பிறகு இரண்டு. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உயிரை எடுத்தார்.

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தண்டவாளத்து ஓரமாக நீ வரிசையாகப் பூச்செடி வைத்தாய். 'இன்னாடா இது, கவர்னர் பங்களாவா? காலைல டப்பாவோட குந்திகினு கீறவன் எங்க? கயித்துல காயற துணி எங்க?' என்று கேட்டார். நீ துணி காய வைத்தாய், டப்பாக்காரரை மட்டும் வைக்க மாட்டேன் என்று சாதித்துவிட்டாய். கேட் விஷயத்தில்தான் பெரிய சண்டை. 'என் லைன்ல கேட்டே கிடையாதுப்பா. எல்லாம் சுரங்கப்பாதைதான். நம்ம சந்துல நின்னு நின்னு போதும்' என்றாய். 'கேட் இல்லன்னா நான் ஹாரன் எங்க அடிக்கிறது?' என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் நீ நெட்டுக்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு கேட் வைத்தாய். அதில் யாரும் நிற்கவில்லை. அப்படியும் அவர் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனார், பக்கத்து போர்ஷன்காரி ஓடிவந்து என்னவென்று கேட்டாள்.

ஆனாலும் முதல் நாளே அவர் வண்டியைத் தொட்டுவிடவில்லை. டிரைவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. புது லைனுக்குப் போகிறவர், அந்த லைன் தெரிந்த டிரைவர் பக்கத்தில் நின்று சில தடவை போய் வர வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்த மரத்தைத் தாண்டியதும் சிக்னல் தெரியும் என்று மனசில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ரோடு படிப்பது என்று சொல்வார்கள். படித்து முடித்து, 'எனக்கு ரோடு தெரியும்' என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் வண்டி. உன் லைனுக்கும் அதே சட்டம்தான் என்று சொல்லிவிட்டார். நீ ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும், பகலில் ஒன்று, இருட்டு வைத்து ஒன்று. அப்புறம் அவர் ஓட்டும்போது நீ அசிஸ்டென்ட். சிக்னலைப் பார்த்ததும் அவர், 'கை எறங்கிக்கீது!' என்று கத்துவார், போக வழி இருக்கிறது என்று அர்த்தம். நீயும், 'எறங்கிக்கீது!' என்று திருப்பிக் கத்த வேண்டும், இரண்டு பேரும் பார்த்தாயிற்று என்பதற்கு. நீ கல்லூரிக்குப் போன நேரத்தில் பதில் சொல்ல ஆள் இல்லாமல் அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். சாம்பார் கொதிக்கும்போது நான் சமையல்கட்டிலிருந்தே, 'எறங்கிக்கீதுய்யா, போய்த் தொலை!' என்று கத்துவேன். எதையும் பார்க்காமல் கத்தும் அசிஸ்டென்ட் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அவர் சாப்பிட்டார், பேசினார், என்னைத் திட்டினார். பழவேற்காட்டை அடைந்து அன்றைக்கே திரும்பிவிட்டால் மட்டும் முகம் தொங்கிப்போகும். 'அவ்ளோதானா?' என்பார். உனக்கு அது தாங்காது. நடுவில் ஒரு கிளை லைன் போட்டாய், சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்கு. அதை அவர் படித்து முடித்ததும் காட்டுப்பள்ளியில் ஒரு யார்டு. அதையும் முடித்தார். ஒவ்வொரு துண்டுக்கும் நீ போட வேண்டும், நீ ஓட்டிக் காட்ட வேண்டும், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கத்த வேண்டும். படிப்பு முடிந்தது. உன் தோஸ்துங்க சந்து முனையில் நின்று விசில் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு விசில் அடிப்பதையும் விட்டுவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். 'யார்டு முடியட்டும்மா' என்றாய். அந்த வேலை வேறு யாருக்கோ போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாத்திய ஜன்னல், இரண்டு முதுகு, திரையிலிருந்து வரும் அந்தச் சாம்பல் வெளிச்சம். நடையில் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் நான். தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வெளியே போவேன், கேட் மூடியிருக்கும், வெயிலில் கூட்டத்தோடு நிற்பேன். எல்லோரும் கேட்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் அங்கேதான் மூச்சு வரும். இன்னும் கொஞ்சம் நேரம் கேட் திறக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பி வந்தால் நீங்கள் இரண்டு பேரும் போனபோது பார்த்த அதே இடத்தில் இருப்பீர்கள். உன் கழுத்து அப்பா கழுத்து மாதிரியே முன்னால் வளைந்திருக்கும். உனக்கு வயசு இருபத்து மூன்று பாபு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பிடுங்கினால் அவர் பழையபடி விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிடுங்காவிட்டால் நீ. யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் காலைக் கட்டிப்போட்டது போல இருந்தேன்.

கரீம் பாய்தான் அதை வாய்விட்டுச் சொன்னார். அப்பாவோடு அசிஸ்டென்ட்டாகப் பல வருஷம் ஓடியவர், ராயபுரத்துக்காரர், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எட்டிப் பார்ப்பவர் அவர் ஒருத்தர்தானே. ஒருநாள் உங்கள் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீ குடிக்க நடைக்கு வந்தார். 'தங்கச்சி, லைன் ஷோக்கா கீது. ஆனா ரெண்டு பேரையும் ஒரே லூப்புல போட்டு வெச்சுகிறியே. எவனுக்கு மொதல்ல சிக்னல் குடுக்கப் போறே?' என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, 'அழாத தங்கச்சி, சின்ன வண்டிய மொதல்ல வுடு' என்றார்.

புனேயிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்தபோது நான் உன்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக ரயில் ஏற்றிவிட்டதற்கு அதுதான் காரணம். அப்பாவிடம் ட்ரெய்னிங், இரண்டு வாரத்தில் வந்துவிடுவான் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னோம். பெங்களூரையும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. தன்னால் பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் உடைந்துபோவார் என்று பயந்தோம். கிளம்பும்போது நீ, 'அப்பா, பழவேற்காட்டுக்கு மேல இன்னும் ஒண்ணும் போடல. தண்டவாளம் கொஞ்ச தூரம்தான் இருக்கு. தாண்டாதே, வண்டி விழுந்துடும். நான் வந்து போட்டுத் தரேன்' என்று சொல்லிவிட்டுப் போனாய். அதோடு அங்கே கடைசி சிக்னலையும் நிறுத்தலில் வைத்துவிட்டுப் போனாய். அவர் தினமும் அதுவரைக்கும் போய் நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். 'புள்ள வந்துகினு கீறான். பழவேற்காட்டு ஏரி மேல ஒரு பாலம் போடச் சொல்லணும்மே. அப்டியே ஆந்திராக்குள்ள பூந்துடலாம்' என்றார். பாலத்துக்கு எத்தனை தூண் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்த விரல்களைப் பார்த்தேன். அந்தப் பாலம் முடிவதற்குள் உனக்கு முப்பது வயசு ஆகிவிடும் என்று தோன்றியது. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, கத்திவிட்டேன். 'யோவ், அவன் ட்ரெய்னிங் முடிச்சுகினு வரல. வேலைய உதறிட்டு வரான்! நீ ரோடு படிக்கணும்னு வரான்! போன வருஷம் பெங்களூர் வேலையும் இப்டித்தான்யா போச்சு. உன்கிட்ட சொன்னா சோறு துண்ண மாட்டேன்னு மறைச்சு வெச்சோம்' என்றேன்.

அவர் விரல்கள் அப்படியே நின்றன. 'பெங்களூரா?' என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். 'எனக்கு எவனும் சொல்லலியே' என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என் வாயால் நானே இந்த மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று அழுதேன்.

மறுநாள் காலையில் எழுந்து குளித்தார். பனியனோடு உட்காருகிறவர் சட்டை போட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டார். 'இந்தாமே, ஸ்டூல எடுத்துகினு இங்க வா' என்று கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உன் இடத்தில் உட்கார்ந்தேன். உன் லைனை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன் பாபு. இவ்வளவு நாளும் சமையல்கட்டிலிருந்து கத்தியதோடு சரி. ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள், காசிமேட்டுப் படகுகள், ஒற்றியூர் கோபுரம், எண்ணூர்ப் புகைபோக்கிகள். நெட்டுக்குப்பத்துக் கரையில் கூடையோடு ஒரு பெண்ணை நிற்க வைத்திருக்கிறாய். எவ்வளவு வேலை பண்ணியிருக்கிறாய் என்று பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒன்று கவனித்தேன். வழியெங்கும் பழைய காலத்துக் கைகாட்டி மரங்கள்தான், விளக்கு சிக்னல் ஒன்றுகூட இல்லை. 'இதென்னய்யா, இப்பல்லாம் லைட்டுதானே?' என்று கேட்டேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 'லைட்டு வெச்சா எனக்குக் கலரு தெரியாதுன்னு கை வெச்சுகிறான் புள்ள. மொத நாளே புரிஞ்சிகினேன். அவன்கிட்ட கேக்கல' என்றார்.

பழவேற்காடு வந்தது. கடைசிக் கைகாட்டி. அவர் கணீரென்று, 'ஸ்டார்ட்டர், கை நேரா கீது!' என்றார். ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப வழி விடும் சிக்னல்தான் ஸ்டார்ட்டர், அதன் கை நேராக இருந்தால் நில் என்று அர்த்தம். நானும், 'நேரா கீது!' என்றேன். வண்டி நிற்கவில்லை. மெதுவாக்கவும் இல்லை. 'யோவ், நேரா கீதுய்யா, நிறுத்துய்யா!' என்று எழுந்தே விட்டேன். என்னால் உட்கார முடியவில்லை, அது வெறும் படம் என்பதே மறந்துபோனது. ஏனென்றால் நிற்கச் சொல்லும் சிக்னலைத் தாண்டுவதை விடப் பெரிய குற்றம் டிரைவர் வேலையில் இல்லை. அந்த இடத்திலேயே வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். இத்தனை வருஷ வேலையில் உங்கப்பா ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கைகாட்டி பின்னால் போனது. பனைமரங்கள் நின்றுபோயின, கடல் நின்றுபோனது, மணலும் நின்றுபோனது. சாம்பல் நிறத்தில் இரண்டு கோடு மட்டும் ஓடியது, அப்புறம் அதுவும் இல்லை. இன்ஜின் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தது, பின்னாலேயே வேகன் ஒவ்வொன்றாக. திரை அசையாமல் நின்றுவிட்டது. சக்கரச் சத்தம் மட்டும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு கத்தியது. அவர் எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்படியே எழுதச் சொன்னார். 'படிக்காத ரோட்ல வண்டி வுட்டேன். நேரா கீற கைய தாண்டினேன். தெரிஞ்சேதான் தாண்டினேன், விசாரணையே வேணாம். இதுக்கப்புறம் எவனும் எனக்கு வண்டி குடுக்கக் கூடாது. போன தபா என் கண்ணு என்னை எறக்கிச்சு. இந்த தபா நானே எறங்கிகினேன். புள்ளைக்கு எழுதுமே. டிரைவரே இல்லாத லைனுக்கு அவன் வந்து இன்னா பண்ணப் போறான்?'

இதைப் படித்துவிட்டு அப்பா சரியாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் உனக்கு இன்னொரு பொய் சொல்லப் போவதில்லை. இதை எழுதும்போதும் அவர் அணைந்த திரைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். வெளியே போகவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. சாப்பிட்டார், அது ஒன்றுதான் ஆறுதல். நாளைக்கு எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் என் பாடு. கட்டிக்கொண்டவள் நான், நீ இல்லை. நீ யாருக்காவது நல்லது செய்தால் அது எங்கே முடியும் என்று முதலிலேயே பார்த்துக்கொண்டு செய் பாபு. உன்னிடம் அப்பாவைக் கம்ப்யூட்டரில் உட்கார வை என்று சொன்ன அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் இரண்டு பேர் அடைந்து கிடக்கிறோம். மூன்றாவதாக ஒரு ஆளுக்கு இங்கே இடம் இல்லை.

தீபாவளிக்கு வா. விருந்தாளி மாதிரி வா, கறிக்குழம்பு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வண்டி ஏறாதே.

அம்மா